அட்லாண்டா நண்பர்களே, தும்மலுக்கு மஞ்சள் தூசி மட்டும் காரணமில்லை

மார்ச் கடைசியில் கார் மேல் படியும் மஞ்சள் தூசி பைன் மகரந்தம். துகள் பெரிது, பலருக்கு அதனால் அலர்ஜி வருவதில்லை. அதே வாரங்களில் கண்ணுக்குத் தெரியாமல் பறக்கும் ஓக், பர்ச் மரங்களின் மகரந்தம்தான் தும்மலுக்கும் கண் அரிப்புக்கும் முக்கியக் காரணம். அதனால் காரைக் கழுவியாச்சு என்று வீட்டு ஜன்னலைத் திறந்துவிடாதீர்கள்.

செய்தியில் வரும் மகரந்த எண், ஒரு கன மீட்டர் காற்றில் உள்ள துகள்கள். மர மகரந்தம் 90 தொட்டால் அதிகம், 1500 தொட்டால் மிக மிக அதிகம். 2025 மார்ச் 29 அன்று இங்கே 14,801! ஆனால் இந்த எண் எப்போதும் முந்தைய 24 மணி நேரக் கணக்கு. இன்று மழையா, காய்ந்த காற்றா என்றும் பாருங்கள்.

அலர்ஜிக்கான ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேயை இரண்டு நாள் அடித்துவிட்டு 'கேட்கவில்லை' என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம். முழுப் பலனுக்கு ஓரிரு வாரம் ஆகும். பிப்ரவரி கடைசியிலேயே தொடங்குங்கள். தலையைச் சற்றுக் குனிந்து, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும் அடித்தால், முனை தானாகவே வெளிப்பக்கம் திரும்பும். நடுச்சுவரில் அடித்துக்கொண்டே இருந்தால் ரத்தம் கசியும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

உப்புநீரில் மூக்கு கழுவுவதை ஸ்பிரேக்கு முன்பே முடித்துவிடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அதிலிருந்த அமீபா, அரிதாக, மூளைவரை போய் உயிரைப் பறித்திருக்கிறது. ஒரு நிமிடம் நன்றாகக் கொதித்து ஆறிய தண்ணீரே போதும்.

மூக்கடைப்பை உடனே திறக்கும் ஆக்ஸிமெட்டாசோலின் ஸ்பிரே 3 நாளுக்கு மேல் கூடாது, அடைப்பு இன்னும் கூடும். மூச்சில் விசில் சத்தம் வந்தால் டாக்டரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.