நாலு இடையிசையில் எதை வைப்பது?

ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை என்று சொன்னால் ஊரில் எல்லோரும் மைக்கையும் பாடகரையும்தான் நினைக்கிறார்கள். பாடகர் வந்து போகிற நேரம் கொஞ்சம்தான். மிச்சத்தில் பெரும்பகுதி, தெரிவு செய்கிற வேலை. பல்லவிக்கு இரண்டு மெட்டு இருக்கிறது, எது? பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வருகிற இடையிசை நாலு விதமாக வாசித்து வைத்திருக்கிறது, எது? தாளத்துக்கு ஒரு கூட்டம் லூப், திரும்பத் திரும்பச் சுழல்கிற துண்டு, கிடக்கிறது, எது? இதற்குப் பதில் சொல்லித்தான் எனக்குச் சம்பளம் என்றுகூடச் சொல்லலாம்.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு வருவதில் கோயில் பாட்டுத்தான் கூட. நல்லூர் கொடியேறினால் 25 நாள் திருவிழா. அதற்கு முன் பாட்டு கையில் இருக்க வேண்டும் என்று ஆனி மாதத்திலேயே தொலைபேசி அடிக்கத் தொடங்கும். அழைப்பிதழில் இன்னும் 'இறுவட்டு வெளியீடு' என்றுதான் போடுகிறார்கள், மேடையில் கொடுப்பது பென் டிரைவாக இருந்தாலும். அதோடு குறும்படப் பாட்டு, நகைக்கடை விளம்பரம், பிறகு கனடாவிலும் சுவிஸிலும் இருந்து வட்ஸ்அப்பில் பாடி அனுப்புகிற மெட்டுகள்.

வட்ஸ்அப் மெட்டு ஒரு தனி உலகம். பாடுகிறவர் ஒரு கட்டைச் சுருதியில் தொடங்கி ஒன்றரையில் முடிப்பார். நடுவில் யாரோ கதவைத் தட்டுவார்கள், ஒரு கணம் நின்று பிறகு கொஞ்சம் வேகமாகத் தொடர்வார். ஆனாலும் அந்தக் குரல் பதிவை நான் ஒருநாளும் எறிவதில்லை. புரொஜெக்ட்டின் முதல் ட்ராக்கில் அப்படியே போட்டு, சத்தத்தை நிறுத்தி, வைத்துக்கொள்வேன். பாட்டு முக்கால்வாசி முடிந்த பிறகு "நான் பாடினது இப்பிடி இல்லையே" என்று ஒரு பேச்சு வரும். அப்போது இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டலாம். சில நேரம் அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும்: கீபோர்ட்காரர் தன் கைக்கு வசதியாக ஒரு கமகத்தை, சுரத்தின் அசைவை, நேராக்கியிருப்பார்.

சேர்த்து வைப்பதற்கு இப்போது செலவே இல்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு மைக்கின் பதிவு நிமிடத்துக்கு 8.64 மெகாபைட். தவிலில் விரலால் வாசிக்கிற வலந்தலைக்கு ஒன்று, கம்பால் அடிக்கிற தொப்பிக்கு ஒன்று என்று இரண்டு மைக் வைத்தாலும் அதன் இரு மடங்குதான். நாடா ஓடிய காலத்தில் 'இது வேண்டாம், அழி' என்று அந்த இடத்திலேயே முடிவெடுக்க வேண்டியிருந்தது. இன்று எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாம், ஆகவே எல்லாவற்றையும் வைத்துக்கொள்கிறோம். முடிவெடுப்பது மட்டும் தள்ளிப் போகிறது.

மென்பொருள்கள் இதற்கு ஆளுக்கொரு வழி வைத்திருக்கின்றன. 2001 இல் வந்த ஏபிள்ட்டன் லைவ் ஒரு கட்டம் கட்டமான பலகையைக் காட்டும். மேலிருந்து கீழாகப் போகிற நிரல் ஒவ்வொன்றும் ஒரு ட்ராக், குறுக்காகப் போகிற நிரை ஒவ்வொன்றும் ஒரு காட்சி. ஒரு ட்ராக்கில் ஒரு நேரத்தில் ஒரு துண்டுதான் ஒலிக்கும். அடுத்ததை அழுத்தினால் உடனே பாயாமல் 'பார்' என்கிற தாளக் கூறு முடியும் மட்டும் காத்திருந்து தாளத்தோடு மாறும். அதில் லெகாட்டோ என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால், புதிய துண்டு தொடக்கத்திலிருந்து அல்ல, பழையது விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். இரண்டு இடையிசையை ஒப்பிட இதைவிட நல்ல கருவி நான் கண்டதில்லை. நான் நாளாந்தம் பாவிப்பது ரீப்பர். 60 நாள் சும்மா பாவித்துப் பார்க்கலாம், சிறிய கூடங்களுக்கு உரிமம் 60 டொலர். எங்களைப் போன்ற இடங்களில் அது ஊன்றியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அதில் ஒரே இடத்தில் பல டேக்குகளை, அதாவது ஒரே பகுதியைப் பல தடவை வாசித்த பதிவுகளை, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, 'T' எழுத்தைத் தட்டித் தட்டி மாற்றிக் கேட்கலாம். 2023 இல் வந்த ஏழாவது பதிப்பில் அவற்றைத் தனித்தனி வரிசையாக விரித்து வைக்கவும் வழி செய்தார்கள்.

எதிலும் எங்கள் பாட்டுக்கு முதலில் இடிப்பது தாளம். மென்பொருளைத் திறந்தவுடன் அது நாலுக்கு நாலு, ஒரு பாருக்கு நாலு அடி, என்று எடுத்துக்கொள்ளும். ஆதி தாளம் என்றால் பிரச்சினையில்லை, எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை, இரண்டு பாரில் அடங்கிவிடும். மிஸ்ர சாபு ஏழு. ஏழு அட்சர லூப்பை நாலின் பலகையில் ஓடவிட்டால் 28 அட்சரத்துக்கு ஒருமுறைதான் இரண்டும் ஒன்றாகச் சமத்தில், தாளத்தின் முதல் அடியில், விழும். இடையில் திரையில் தெரிகிற கோடு எதுவும் காதில் கேட்பதோடு பொருந்தாது. ஆகவே ஏழுக்கு எட்டு என்று மாற்றிவிட வேண்டும். அது பாதி வேலை. தாளம் தட்டிக் காட்டுகிற மெட்ரோநோம் முதல் அடிக்கு மட்டும் அழுத்தம் கொடுத்து மிச்சத்தைச் சமமாகத் தட்டிக்கொண்டு போனால், மைக்குக்கு முன் நிற்கிற தவில்காரருக்கு அது தாளமே இல்லை. ரீப்பரில் அந்த அழுத்தத்தை நாமே எழுதிக் கொடுக்கலாம், மூன்றும் நாலுமாக: தகிட தகதிமி. இதைச் செய்துவிட்டு ஹெட்போனைக் கொடுத்தால் முகமே மாறும்.

அடுத்தது வெட்டுகிற இடம். ஒரு முறை இணுவில் பக்கத்திலிருந்து ஒரு தவில் வித்துவான் வந்திருந்தார். மிஸ்ர சாபுவில் வாசித்துத் தந்த பல சொற்கட்டுகளில் லூப் ஆக்கக்கூடியவற்றைத் தெரிந்தெடுத்து, கூடத்தில் இருந்த பொடியன் பார் கோட்டோடு ஒட்ட வெட்டி வரிசையாக அடுக்கினான். திரையில் பார்க்க அவ்வளவு சுத்தம். ஐயா ஒன்றைக் கேட்டார், இரண்டாவதைக் கேட்டார், பிறகு சொன்னார்:

"தம்பி, இதை நான் வாசிக்கேல்லை."

"ஐயா, இப்பத்தானே வாசிச்சனீங்கள்."

"வாசிச்சது நான்தான். ஆனா சமத்துக்கு முதல் ஒரு தட்டு வருமே, அது எங்கை?"

சமத்துக்குச் சற்று முன்னால், வலந்தலையில் கூடு போட்ட விரலால் ஒரு சின்ன உருட்டல். அதுதான் சமத்தைத் தள்ளிக் கொடுக்கிறது. கோட்டில் வெட்டியபோது அது முந்திய பாரோடு போய்விட்டது. மிஞ்சிய லூப் சமத்தில் சரியாகத்தான் விழுந்தது, ஆனால் உயிரில்லாமல். அதீத எடுப்பு, அனாகத எடுப்பு என்று நம்மிடம் பெயரே இருக்கிறது, பாட்டு சமத்துக்கு முன்னும் தொடங்கும், பின்னும் தொடங்கும் என்று. ஆதி தாளத்தில் அரை அட்சரம், ஒன்றரை அட்சரம் தள்ளி எடுக்கிற உருப்படிகள் எத்தனை! சத்தம் தொடங்குகிற இடத்தில் வெட்டினால் சமம் இடம் மாறிவிடும். கோட்டில் வெட்டினால் முன்தட்டு போய்விடும்.

மென்பொருளில் இதற்கு மருந்து இருக்கிறது, தேடுகிறவர்கள்தான் குறைவு. ரீப்பரில் துண்டு எங்கே தொடங்கினாலும், கோட்டோடு ஒட்ட வேண்டிய புள்ளி எது என்று தனியே குறிக்கலாம். ஸ்னாப் ஆஃப்செட் என்று பெயர். முன்தட்டையும் சேர்த்து வெட்டிவிட்டு அந்தப் புள்ளியைச் சமத்தில் வைத்தால், எங்கே இழுத்துப் போட்டாலும் சமம் சமத்தில் போய் உட்காரும். லைவில் தொடக்கக் குறியை லூப்பின் வாய்க்கு முன்னால் நகர்த்தி வைக்கலாம். முன்பகுதி முதல் சுற்றில் மட்டும் ஒலித்து, பிறகு லூப் சுழலும். ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் தட்டு வேண்டுமென்றால் லூப்பின் கடைசியிலும் அதை ஒட்டிவிட வேண்டும்.

சரி, எல்லாம் அடுக்கியாயிற்று. எது நல்லது?

இங்கேதான் காது நம்மை ஏமாற்றும். இரண்டில் ஒன்று கொஞ்சம் சத்தமாக இருந்தால் அதுதான் 'நல்லது' என்று தோன்றும். ஒரு டெசிபெல் வித்தியாசத்தைச் சத்தம் என்று யாரும் உணர்வதில்லை. "இதிலை ஒரு தெளிவு இருக்கு" என்பார்கள். விலைக்கு வாங்குகிற லூப்கள் ஏற்கெனவே அமுக்கிச் சப்பையாக்கப்பட்டவை. எங்கள் கூடத்தில் பதிந்த தவிலோ கம்பு விழுகிற ஒவ்வொரு இடத்திலும் ஊசி மாதிரி எழுந்து நிற்கும். மீட்டரில் உச்சத்தை மட்டும் பார்த்து இரண்டையும் சமம் என்று எடுத்தால், வாங்கின லூப்தான் ஒவ்வொரு முறையும் வெல்லும். உச்சத்தை விட்டுவிட்டு, காதுக்குக் கேட்கிற உரப்பைச் சமன் செய்ய வேண்டும். இந்த உரப்பை அளக்கிற முறையைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006 இல் வகுத்தது. எல்.யு.எஃப்.எஸ் என்று மென்பொருளில் தெரிகிற இலக்கம் அதிலிருந்துதான் வருகிறது. ரீப்பர் தானே கணக்குப் போட்டு எல்லாத் துண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும், சில விநாடி வேலை. அதைச் செய்த பிறகு எங்கள் தவில் தோற்றது குறைவு.

ஆனால் சமன் செய்தாலும், லூப்பைத் தனியே சுழலவிட்டுத் தெரிவு செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டால் எந்த லூப்பும் பழகிவிடும், பழகியது பிடித்துவிடும். சீலைக் கடையில் மடிப்போடு பார்த்து யாரும் வாங்குவதில்லை, விரித்துத் தோளில் போட்டுத்தான் பார்ப்பார்கள். இடையிசையும் அப்படித்தான். பல்லவியின் கடைசி வரியிலிருந்து ஓடவிட வேண்டும், இடையிசை வர வேண்டும், சரணத்தின் முதல் வரி தொடங்கும் மட்டும் கேட்க வேண்டும். இந்தப் பகுதியை 'ரீஜன்' என்று குறித்து வைத்துக்கொண்டு, நடுவில் இருப்பதை மட்டும் மாற்றி மாற்றிக் கேட்கிறேன். தனியே கேட்கும்போது முதலிடத்தில் நின்ற இடையிசை பெரும்பாலும் இங்கே விழுந்துவிடும். ஒன்று அது பாடகருக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்திருக்கும். அல்லது சரணத்துக்கு மூச்செடுக்க இடம் விட்டிருக்காது. தனியே கேட்டபோது சோர்வாகத் தெரிந்த ஒன்று, சரணம் தொடங்கும்போது பாட்டைத் தூக்கிக் கொடுக்கும்.

2022 இல், மார்ச் முடிவில், நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்ற காலத்தில் இந்த ஒழுங்கு இன்னும் இறுகியது. கரண்ட் வருகிற நேரத்தில் பதிய வேண்டும், மிச்ச நேரத்தில் மடிக்கணினியின் பற்றரி ஓடுமட்டும் ஹெட்போனில் தெரிவு வேலை. எதை எதோடு ஒப்பிடப் போகிறோம் என்று முதலே கொப்பியில் எழுதிவிட்டுத்தான் கணினியைத் திறப்போம். கரண்ட் ஒழுங்காக வந்த பிறகும் அந்தக் கொப்பி மேசையில்தான் இருக்கிறது.

வாடிக்கையாளருக்கு அனுப்புவது இன்னொரு கலை. ஐந்து அனுப்பினால் ஆறாவதைக் கேட்பார்கள். ஆகவே இரண்டு மட்டும். "இது கொஞ்சம் மொடேர்ன், அது கொஞ்சம் பக்தி" என்று எழுதி அனுப்பக் கூடாது, எழுதினால் அவர்கள் கேட்பது எழுத்தைத்தான். வட்ஸ்அப்பில் டொக்கியுமென்ட்டாக அனுப்பினால் கோப்பு சிதையாமல் போய்ச் சேரும். அப்புறம் ஒரு வேண்டுகோள்: போன் ஸ்பீக்கரில் கேட்டு முடிவு சொல்லாதேங்கோ. அந்தச் சின்ன ஸ்பீக்கரில் தொப்பியின் அடிச் சத்தம் அரைவாசி காணாமற் போய்விடும், வலந்தலை மட்டும் தகர டப்பா மாதிரி அடிக்கும். "தவில் வேண்டாம், தோலக் போடுங்கோ" என்று பதில் வந்தால், எதில் கேட்டவர் என்று முதலில் கேட்பேன்.

பெயர் வைக்கிற விஷயத்தில் எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது, மற்றவர்களுக்கும் உதவலாம். 'புது1', 'புது2', 'கடைசி' எல்லாம் இல்லை. இடம், கட்டை, தாளம், வேகம், இந்த வரிசைதான். இடையிசை, இரண்டரை, மிஸ்ர சாபு, 84. சுருதியை மேலைநாட்டு எழுத்தில் போடுவதில்லை, கூடத்துக்கு வருகிற பாடகரும் நாதஸ்வரக்காரரும் பேசுவது கட்டைக் கணக்கில்தான். ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை ஒன்றிலிருந்து ஏழு வரை எண்ணி, கறுப்புகளை அரை என்று சொல்கிற கணக்கு. மூன்றுக்கும் நாலுக்கும் இடையில் கறுப்பு இல்லை, ஆகவே மூன்றரை என்று ஒன்று கிடையாது. மென்பொருளில் சுருதியை ஏற்றி இறக்கும்போது இதை நினைவில் வைக்காவிட்டால் கணக்குத் தப்பும்: இரண்டரையிலிருந்து ஐந்தரைக்குப் போக, வெள்ளையும் கறுப்புமாக எண்ணினால், ஆறு படி அல்ல, ஐந்து படி.

தோற்றவை எல்லாம் 'மிச்சம்' என்ற ஃபோல்டருக்குப் போகும், அதே பெயரோடு. போன வருடம் ஒரு அம்மன் பாட்டு வந்தது, பாடியது ஒரு பிள்ளை, ஐந்தரைக் கட்டை. மிச்சத்தில் தேடியபோது இரண்டரையில் ஒரு நாதஸ்வர இடையிசை கிடந்தது, ஒரு முருகன் பாட்டில் தோற்றது. மெட்டு அச்சொட்டாகப் பொருந்தியது. ஆனால் ஐந்து படி ஏற்றினால் நாதஸ்வரம் நாதஸ்வரமாக இருக்காது, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசித்தது போல் கேட்கும். வாசித்தவரைத் திரும்பக் கூப்பிடவும் வழியில்லை, குழலின் சுருதி குழலோடு. ஆகவே அதை மாதிரிக்கு வைத்து வயலினில் எடுப்பது என்று தீர்மானித்தோம். வயலின்காரர் ஹெட்போனைப் போட்டு, பல்லவியிலிருந்து சரணம் மட்டும் இரண்டு தரம் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அண்ணை, நான் வேறை ஒண்டு வாசிச்சுக் காட்டட்டோ?"

வாசித்தார். இப்போது அந்தப் பாட்டுக்கும் இரண்டு இடையிசை இருக்கிறது.