கார்னிஷ்–வின்ட்சர் கூரைப் பாலம்

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரையும் வெர்மான்ட்டையும் இணைக்கிற இந்த மரப்பாலத்துக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல். 1796, 1824, 1828-ல் கட்டிய மூன்றையும் கனெக்டிகட் ஆற்று வெள்ளம் கொண்டுபோன பிறகு, 1866-ல் 449 அடி நீளத்துக்குக் கட்டிய நான்காவது இது. கூரை எதற்கு என்றால், நமக்காக இல்லை, பக்கவாட்டு மரச்சட்டங்கள் மழையில் ஊறி உளுத்துப் போகாமல் இருக்க. பனிக்காலத்தில் சறுக்கு வண்டி ஓட வேண்டுமே என்று, இப்படிப்பட்ட பாலங்களுக்குள் ஆள் வைத்துப் பனியை அள்ளிக் கொட்டுவார்களாம்! குதிரையை நடத்திப் போ, இல்லையென்றால் இரண்டு டாலர் அபராதம் என்ற பலகை வாசலில் இன்னும் இருக்கிறது. சுங்கம் வசூலிப்பது மட்டும் 1943-லேயே நின்றுவிட்டது.

அப்புறம், அந்தப் பக்கத்துக் கூரைப் பாலங்களில் ஓசியில் குடியிருப்பவர்கள்: உத்தரத்தில் மண்கூடு கட்டும் தகைவிலான் குருவிகள், பலகை இடுக்கில் பழுப்பு வௌவால்கள். 2008 வாக்கில் வெண்மூக்குப் பூஞ்சை நோய் வெர்மான்ட்டுக்குள் வந்து வௌவால்களில் பெரும்பகுதியைக் கொன்றுவிட்டது. எனக்குப் பிடித்தது என்னவோ ஆற்றுமணலில் புதைந்து கிடக்கும் டுவார்ஃப் வெட்ஜ்மசல் என்ற சின்ன மட்டிதான். அழியும் ஆபத்தில் உள்ள இனம், அதன் குஞ்சு குறிப்பிட்ட சில மீன்களின் செவுளிலோ துடுப்பிலோ தொற்றிக்கொண்டால்தான் பிழைக்கும்.