தேங்காய்ச் சட்னி அரைக்க எஞ்சினை ஓட்ட வேண்டும்

போன அக்டோபரில் மூன்று வாரம் இங்கிலாந்தில் ஒரு படகில் குடியிருந்தேன். சுற்றுலாப் படகு இல்லை. என் கல்லூரி நண்பன் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வாங்கிய நேரோபோட், கால்வாயில் போகவென்றே கட்டிய ஒடுக்கமான நீளப் படகு. நீளம் 57 அடி. அகலம் ஏழு அடிக்கும் இரண்டு அங்குலம் குறைச்சல். ஒருவர் தோசை சுட்டுக்கொண்டிருந்தால் இன்னொருவர் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டுதான் தாண்டிப் போக வேண்டும்.

"வீட்ல இருக்கிற எல்லாமே இருக்குடா" என்று போனில் சொல்லியிருந்தான். பொய் இல்லை. கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், ஷவர், கரி போட்டு எரிக்கும் கணப்பு, எல்லாம் இருந்தன. எதுவும் தானாக வராது, தானாகப் போகாது. அதைத்தான் சொல்லாமல் விட்டுவிட்டான்.

முதல் நாள் அரிசியை மூன்று முறை களைந்தேன். எட்டிப் பார்த்தவன், "ரெண்டு தடவை போதும். கழனித் தண்ணிய கொட்டாத, பாத்திரத்துக்கு ஆகும்" என்றான். தண்ணீர்த் தொட்டி படகின் முன்மூக்கில் இருக்கிறது, 400 லிட்டர். அளவு காட்டும் முள் கிடையாது. தொட்டி காலியாக ஆக மூக்கு மெல்ல மேலே எழும். தோசைக்கல்லில் விட்ட எண்ணெய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தே, "நாளைக்குத் தண்ணி பிடிச்சாகணும்" என்பான். கரையில் அங்கங்கே பூட்டிய குழாய்கள் உண்டு. கால்வாய்களைப் பராமரிக்கும் அறக்கட்டளையின் ஒரே சாவி எல்லாவற்றுக்கும் சேரும். ஹோஸை மாட்டிவிட்டு ஒரு மணி நேரம் நிற்க வேண்டும்.

மின்சாரக் கணக்கு இன்னும் மோசம். கூரையில் சோலார் பலகை இருக்கிறது, ஆனால் இங்கிலாந்து அக்டோபர் வெயிலை நம்பி மிக்ஸி போட முடியாது. ஜாரில் தேங்காயைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினால் இன்வெர்ட்டர் கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடும். எஞ்சின் ஓடி பேட்டரி ஏறிக்கொண்டிருக்கும்போதுதான் மிக்ஸி. கட்டி நிறுத்திய படகில் இரவு 8 மணியிலிருந்து காலை 8 மணி வரை எஞ்சின் ஓட்டக் கூடாது என்பது உரிமத்தின் நிபந்தனை. ஆகவே இட்லி எத்தனை மணிக்கு வெந்தாலும் சட்னி எட்டுக்கு அப்புறம்தான். மாவு மட்டும் குறை வைக்கவில்லை. கணப்புக்குப் பக்கத்தில் வைத்தால் மதுரை சித்திரை மாதம்போலப் பொங்கி வழிந்தது.

இனி கழிவறை. சாப்பிட்டுக்கொண்டு படிப்பவர்கள் ஒரு பத்தி தாண்டிவிடலாம். எல்லாம் ஒரு பெட்டியில் சேரும். கேசட் என்பார்கள். 20 லிட்டர் சொச்சம் பிடிக்கும். இரண்டு பேருக்கு மூன்று நாள் வந்தால் பெரிது. அதற்குச் சக்கரமும் இழுக்கும் பிடியும் உண்டு, தூரத்திலிருந்து பார்த்தால் டிராலி பெட்டிதான். கால்வாயோரப் பாதையில் அதை இழுத்துக்கொண்டு போகையில், நாயோடு வந்த ஒரு அம்மா சிரித்த முகத்துடன் "எங்கேயாவது நல்ல இடத்துக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். போய்ச் சேரும் இடத்தின் பெயர் எல்சான் பாயின்ட். கவிழ்க்கும்போது காற்றுப் பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கியே பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் குபுக்கென்று தெறிக்கும். முதல் தடவை நான் அமுக்கவில்லை.

நிரந்தரமாகக் கட்டிவைக்க இடம் வாங்காத படகுகள் ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. 1995ஆம் ஆண்டுச் சட்டம். நண்பனுக்கு அந்தக் கெடு வர, பிளிஸ்வர்த்திலிருந்து தெற்கே கிளம்பினோம். ஊரைத் தாண்டியதும் குகைப்பாதை, 2,813 மீட்டர். 1805இல் திறந்தது. உள்ளே நடைபாதை கிடையாது என்பதால் அந்தக் காலத்தில் குதிரையை அவிழ்த்து மலைமேல் நடத்திவிட்டு, ஆட்கள் படகில் மல்லாந்து படுத்துச் சுவரைக் காலால் உதைத்தே தள்ளிப் போனார்களாம். நாங்கள் டீசலில் போயே முக்கால் மணி நேரம். காற்று வர மேலிருந்து வெட்டிய கிணறுகளின் அடியில் போகும்போதெல்லாம் தலையில் குளிர்ந்த தண்ணீர் கொட்டியது.

வெளியே வந்தால் ஸ்டோக் புரூர்ன். அடுத்து வரிசையாக ஏழு லாக், அதாவது தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகும், இரு பக்கமும் கதவு போட்ட தொட்டிகள். படகை உள்ளே விட்டு, மேல்கதவைச் சாத்தி, வின்ட்லஸ் என்ற வளைந்த இரும்புப் பிடியால் கீழ்மதகைத் திறந்தால் படகு கிணற்று வாளி மாதிரி இறங்குகிறது. பின்னால் கதவடியில் ஒரு கல்படி ஒளிந்திருக்கும். வால் அதில் உட்கார்ந்துவிட்டால் படகு மூக்கு கீழே சாயத் தொங்கும். படி எதுவரை நீள்கிறது என்று காட்ட வெள்ளைக் கோடு போட்டிருக்கும். "வெள்ளக் கோட்டுக்குப் பின்னாடி வந்துடாத!" என்று கரையிலிருந்து கத்திக்கொண்டே இருந்தான். ஒரு தடவை இறங்க இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் போகிறது. கழனித் தண்ணீருக்குக் கணக்குப் பார்த்தவன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

கடைசி லாக்கைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எஞ்சின் முக்கியது. புரொப்பெல்லரில் ஏதோ சுற்றிக்கொண்டுவிட்டது. சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பின்தளத்தின் அடியிலிருக்கும் மூடியைத் திருகித் திறந்து, தோள்வரை கையை விட்டான். கால் மணி நேரம் அறுத்ததில் ஒரு நைலான் கயிறும் யாரோ வீசிய கால்சட்டையின் பாதியும் வந்தன. விரல்கள் நீலம் பாய்ந்திருந்தன. அந்த விரல்களாலேயே மூடியை இறுக்கினான், இரண்டு முறை சரிபார்த்தான். அது தளர்ந்திருக்க எஞ்சினைப் போட்டால் தண்ணீர் உள்ளே வாரி இறைத்துப் படகே மூழ்கிவிடும்.

அன்றிரவு காஸ்குரோவில் கட்டினோம். காலையில் ஜன்னலில் வழிந்த ஈரத்தைத் துண்டால் துடைத்தேன், சாம்பலை அள்ளினேன், இட்லி ஊற்றினேன். எட்டு அடிக்க ஐந்து நிமிடம். தேங்காயும் மிளகாயும் ஜாரில் தயார். பக்கத்துப் படகில் எஞ்சின் உறுமியது. இவன் ஜார் மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ம்" என்றான். நான் பின்தளத்துக்குப் போய்ச் சாவியைத் திருப்பினேன்.