ஆண்டானா, ஆண்டாளா?

லக்சரில் இறங்கிய முதல் இரவே பயணக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். "ஹாட்ஷெப்சுட் இருபது ஆண்டுகளுக்கு மேல் எகிப்தை ஆண்டாள்" என்று எழுதியதை எட்டிப் பார்த்து அக்கா சிரித்தாள். முப்பது வருஷம் தமிழாசிரியையாக இருந்தவள், சும்மா இருப்பாளா?

"ஆண்டாள்னு எழுதினா திருப்பாவை ஞாபகம்தான்டி வரும். ஆண்டார்னு போடு."

ஆண்டார் என்று போட்டால் மரியாதை வந்துவிடும். ஆனால் ஆணா பெண்ணா என்பது காணாமல் போய்விடும். எனக்கு வேண்டியதே அதுதானே? இந்தப் பயணத்துக்கு அக்காவை இழுத்துக்கொண்டு வந்ததே, எகிப்தை ஆண்ட பெண்கள் விட்டுப்போன தடங்களைப் பார்க்கத்தான். சரி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த வரியை அப்படியே விட்டுவிட்டுப் படுத்தேன்.

விடிவதற்குள் படகில் நைலைக் கடந்து மேற்குக் கரைக்குப் போனோம். வயல்களுக்கு மேலே வெப்பக்காற்றுப் பலூன்கள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. வழியில் மெம்னான் சிலைகளுக்கு ஐந்து நிமிடம். அவ்வளவுதான் கொடுத்தோம், அந்தச் சிலைகளில் உட்கார்ந்திருக்கும் மன்னர் மூன்றாம் அமென்ஹோட்டெப் மன்னிக்க வேண்டும். வண்டி ஒரு வளைவு திரும்பியதும் செங்குத்தான மஞ்சள் மலை வந்தது. அந்த மலையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பது போல மூன்று அடுக்குக் கோயில். நீளமான சாய்தளம், அதற்கு மேல் தூண் வரிசை, மறுபடி சாய்தளம், மறுபடி தூண்கள். மூவாயிரத்தைந்நூறு வருஷத்துக் கட்டடம் என்று சொன்னால்தான் தெரியும். போன வருஷம் யாரோ ஒரு கட்டடக் கலைஞர் கோடு போட்டு வரைந்தது போலிருந்தது.

இதன் பழைய பெயர் ஜெசர் ஜெசெரு, புனிதங்களுள் புனிதம் என்று பொருள். பிற்காலத்தில் கிறித்தவத் துறவிகள் இங்கே மடம் அமைத்ததால் தேர் எல்-பஹாரி, அதாவது வடக்கு மடம் என்ற அரபுப் பெயரே நிலைத்துவிட்டது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலாம் துட்மோஸின் மகள் ஹாட்ஷெப்சுட். தந்தையின் இன்னொரு மனைவிக்குப் பிறந்த இரண்டாம் துட்மோஸை மணந்தார். அவர் இறந்தபோது, வேறொரு மனைவிக்குப் பிறந்த மூன்றாம் துட்மோஸ் சின்னப் பையன். பையனுக்குப் பதிலாக ஆட்சியைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கிய சிற்றன்னை, ஏழாம் ஆண்டுக்குள் தானே முடிசூடிய மன்னராகிவிட்டார். பையனைக் கொல்லவில்லை, விரட்டவில்லை. அவனும் மன்னன், இவரும் மன்னர். கணக்குப்படி ஏறத்தாழ கி.மு. 1479 முதல் 1458 வரை.

மேல் தளத்துக்கு ஏறினோம். தூண்களோடு ஒட்டி நிற்கும் பெரிய சிலைகள், கைகள் மார்பில் குறுக்காக, தாடையில் நீண்ட தாடி. அக்கா ஒரு சிலையின் முன் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதுதான் அந்தம்மாவா? தாடி வச்சிருக்கே!"

எங்கள் வழிகாட்டி இந்தக் கேள்வியைப் பல்லாயிரம் முறை கேட்டிருப்பார் போல. "ஷீ வாஸ் எ கிங்" என்றார், கிங் என்பதை அழுத்தி. அப்புறம் அவர் சொன்ன விஷயம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. பழைய எகிப்திய மொழியில் நாட்டை ஆளும் பெண்ணுக்கென்று தனிச் சொல் கிடையாது. நாம் அரசி என்று மொழிபெயர்ப்பதன் நேர்ப் பொருள் மன்னனின் மனைவி. அந்தச் சொல்லுக்குள் அதிகாரம் இல்லை, கல்யாணம்தான் இருக்கிறது. ஆள்வதற்கு ஒரே ஒரு பதவிதான் இருந்தது, மன்னன். அந்தப் பதவிக்கு ஒரு சீருடை: இடுப்பு ஆடை, தலைத்துணி, ஒட்டுத் தாடி. பதவியில் உட்கார்ந்தவர் சீருடையைப் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான் என்பது வழிகாட்டியின் கட்சி. ஆரம்ப காலச் சிற்பங்களில் ஹாட்ஷெப்சுட் பெண் உடையில்தான் இருக்கிறார். போகப்போகத்தான் தோள் அகன்று, மார்பு தட்டையாகி, முழு ஆண் உருவமாகிறார்.

ஹாட்ஷெப்சுட்டுக்கு ஏறக்குறைய முந்நூறு வருஷத்துக்கு முன்னால் சோபெக்நெஃபெரு என்று இன்னொரு பெண் சுமார் நான்கு வருஷம் ஆண்டிருக்கிறார். பெண் உடைக்கு மேலேயே மன்னனின் உடையைக் கட்டிக்கொண்டு நிற்கும் அவருடைய சிலை ஒன்று பாரிஸில் இருக்கிறது. ஹாட்ஷெப்சுட்டுக்கு அது போதவில்லை.

ஆனால் உருவம்தான் ஆண். பக்கத்திலுள்ள எழுத்து அப்படியில்லை. எகிப்திய மொழியில் பெண்பாலுக்கு 'ட்' என்றொரு விகுதி. அதை எழுத ஒரு சின்ன ரொட்டித் துண்டு, அரைவட்டமாக. ஹாட்ஷெப்சுட் என்ற பெயரின் கடைசியிலும் அதே ஒலிதான். உயர்குலப் பெண்களுள் முதல்வர் என்று பொருள். தாடி வைத்த மன்னரின் பக்கத்தில் ரே கடவுளின் மகன் என்று வர வேண்டிய இடத்தில் மகள் என்று வருகிறது. ரொட்டித் துண்டைத் தேடிப் பழகிவிட்டால் சுவரெல்லாம் கண்ணில் படும். அக்கா ஒரு சுவரில் ஏழெட்டு கண்டுபிடித்தாள். அதில் எத்தனை உண்மையான பெண்பால் விகுதி என்று வழிகாட்டி சொல்லவில்லை, பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

1829இல் இங்கே வந்த ஷாம்போலியனும் இதில்தான் குழம்பினார். பட எழுத்தைப் படிக்கும் வழியைக் கண்டுபிடித்து ஏழே வருஷம் ஆகியிருந்தது. எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு மன்னன், தாடியும் ஆண் உடையுமாக. கூடவே வரும் பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் மட்டும் பெண்பாலில். வினைமுற்றில் தடுக்கி விழுந்தது நான் ஒருத்தி மட்டுமில்லை என்று தெரிந்ததும் எனக்கு ஒரே சந்தோஷம்.

நடு அடுக்கின் இரண்டு பக்கச் சுவர்களையும் அவசரப்படாமல் பாருங்கள். ஒரு பக்கம் பிறப்புக் கதை. ஆமுன் கடவுளே அரசன் உருவில் வந்து ஹாட்ஷெப்சுட்டின் தாய் அஹ்மோஸைச் சேர்ந்ததாகவும், க்னும் கடவுள் குயவர் சக்கரத்தில் குழந்தையை வனைந்ததாகவும் செதுக்கியிருக்கிறார்கள். சக்கரத்தின் மேல் இருப்பது ஆண் குழந்தை உருவம்! அங்கேயே ஆரம்பித்துவிட்டார்கள் என்றாள் அக்கா. நாட்டை ஆளும் தகுதிக்குப் பிறப்புச் சான்றிதழையே கல்லில் அடித்து வைத்த மாதிரி. இதை எத்தனை பேர் நம்பினார்களோ. சொல்ல வேண்டிய தேவை இருந்தது என்பது மட்டும் தெரிகிறது.

இன்னொரு பக்கம் பண்ட் நாட்டுக்குப் போன கடற்பயணம். ஐந்து கப்பல்கள் செங்கடல் வழியே தெற்கே போய் நறுமணப் பிசின், தங்கம், கருங்காலி, தந்தம், குரங்குகள் எல்லாம் கொண்டுவருகின்றன. நறுமண மரக்கன்றுகளை வேரோடு கூடையில் வைத்துக் காவடி போலத் தூக்கி வருகிறார்கள். கப்பலுக்கு அடியில் தண்ணீருக்குள் மீன்கள். இது இன்ன மீன் என்று இனம் காணும் அளவுக்குச் செதுக்கியிருக்கிறார்கள். போர் வெற்றியைப் பறைசாற்றும் சுவர்களைப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு, கூடையில் செடி தூக்கி வரும் இந்தச் சுவர் பெரிய ஆறுதல். அதற்காக இவர் காலத்தில் போரே இல்லை என்று எழுதிவிட மாட்டேன். நூபியா பக்கம் படை போயிருக்கிறது. ஆனால் எதைப் பெருமையாகச் சுவரில் காட்ட வேண்டும் என்று தேர்ந்தெடுத்தார் பாருங்கள்.

சுவர்களில் பல இடங்களில் ஆள் வடிவத்தில் வெறும் பள்ளம். உளியால் கொத்தி எடுத்திருக்கிறார்கள். சில இடங்களில் உருவத்தின் ஓரம் பிசகாமல் அவ்வளவு கவனமாகக் கொத்தியதால், அழித்த உருவம் நிழல் போல அப்படியே தெரிகிறது. சித்தி மேல் கோபத்தில் மூன்றாம் துட்மோஸ் செய்த வேலை என்றுதான் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ஆனால் இந்த அழிப்பு, ஹாட்ஷெப்சுட் இறந்து ஏறக்குறைய இருபது வருஷம் கழித்துத்தான் தொடங்கியிருக்கிறது. கோபம் இருபது வருஷம் காத்திருக்குமா? தன் மகனின் பட்டத்துக்குச் சிக்கல் வராமலிருக்க, நடுவில் ஒரு பெண் மன்னராக இருந்த வரிசையைச் சீராக்கிக் காட்ட நினைத்திருக்கலாம் என்பது இப்போது பலரும் சொல்லும் காரணம். எனக்கு இதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. கோபத்தில் அழித்தால் ஒரு மனிதரைப் பொருட்படுத்தியதாகவாவது ஆகும். இது அலுவலகத்தில் கோப்பைத் திருத்துகிற வேலை. அபிடோஸ் கோயிலில் பிற்காலத்து மன்னர் முதலாம் சேட்டி செதுக்கி வைத்த 76 மன்னர் பெயர்களில் இவர் பெயர் இல்லை.

மாலையில் கர்னாக் கோயில். அங்கே இவர் நிறுத்திய ஒற்றைக்கல் தூபி இன்னும் நிற்கிறது. ஏறக்குறைய 30 மீட்டர் உயரம், 300 டன்னுக்கு மேல், அஸ்வானிலிருந்து வந்த சிவப்புக் கருங்கல். வெட்டியெடுக்கும் வேலை ஏழே மாதத்தில் முடிந்ததாகக் கல்வெட்டே சொல்கிறது. பக்கத்தில் அப்பா முதலாம் துட்மோஸின் தூபி நிற்கிறது, குட்டையாக. மகளுடையதன் கீழ்ப்பகுதியை மூன்றாம் துட்மோஸ் காலத்தில் சுவரெழுப்பி மறைத்தார்கள். சுவர் மறைத்த பகுதிதான் வெயில் படாமல் இன்றைக்கும் தெளிவாக இருக்கிறது. மறைத்தவர்களுக்கு நன்றி சொல்வதா திட்டுவதா என்று தெரியவில்லை.

அந்தத் தூபியின் அடியில் ஹாட்ஷெப்சுட் சொல்வதாக ஒரு வரி: இனி வரும் ஆண்டுகளில் என் சின்னங்களைப் பார்க்கப் போகிறவர்கள் என்ன சொல்வார்களோ என்று என் நெஞ்சு அங்குமிங்கும் அலைகிறது. வழிகாட்டி இதைப் படித்துச் சொன்னபோது அக்கா பதில் பேசவில்லை. கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொஞ்சம் குடித்துவிட்டு மறுபடி அண்ணாந்து பார்த்தாள்.

மறுநாள் தெந்தெராவுக்குப் போனோம். அதிகம் சொல்ல மாட்டேன், ஏழாம் கிளியோபாட்ராவைப் பற்றி எல்லோரும் நிறையச் சொல்லியாயிற்று. கோயிலின் பின்சுவரில் அவர் ஆளுயரத்தை மிஞ்சி நிற்கிறார். முன்னால் நிற்பது மகன் சிசேரியன். ஆட்சி அம்மாவுடையது, முன்வரிசை பையனுக்கு.

கெய்ரோவில் எகிப்திய நாகரிகத்துக்கான தேசிய அருங்காட்சியகம். கீழே மம்மிக் கூடம். இருட்டு, படம் எடுக்கக் கூடாது, பேச்சும் தானாகவே அடங்கிவிடுகிறது. 2021 ஏப்ரல் 3 அன்று பழைய அருங்காட்சியகத்திலிருந்து 22 மம்மிகளை ஊர்வலமாக இங்கே கொண்டுவந்தார்கள். ஹாட்ஷெப்சுட் என்று பெயர் போட்டிருப்பதும் அதில் ஒன்று. பெயர் பொறித்த சிறு பெட்டிக்குள் கிடந்த ஒரு பல் இந்த உடலுக்குரியது என்று 2007இல் அறிவித்தார்கள். எல்லா ஆய்வாளர்களும் அதை ஏற்கவில்லை. அந்த ஊர்வலத்தின்போது செய்திகளில் வந்த கணக்கு 18 மன்னர்கள், 4 அரசிகள் என்பது. நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஹாட்ஷெப்சுட்டை அந்த நான்கில் சேர்த்தால்தான் கணக்கு சரியாக வருகிறது. தாடி, தூபி, கடவுளே தந்தை என்ற கதை எல்லாம் போக, கடைசியில் அரசிகள் வரிசையில்தான்.

கடைசி நாளுக்கு ஒரு சின்ன இடத்தை வைத்திருந்தேன். இப்னு துலூன் மசூதிக்குத் தெற்கே அல்-கலீஃபா தெருவில், ஷஜர் அல்-துர்ரின் கல்லறை. போனால் கதவு பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் தொழுகைக்குப் போயிருக்கிறார், வருவார் என்றார்கள். வாசலிலேயே உட்கார்ந்து அக்காவுக்குக் கதை சொன்னேன்.

அடிமையாக வந்த பெண். சுல்தான் அல்-சாலிஹ் அய்யூபின் மனைவியானார். 1249இல் பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயி சிலுவைப் போர்ப் படையோடு எகிப்துக்குள் புகுந்திருந்த நேரத்தில் சுல்தான் இறந்துபோனார். வெளியே தெரிந்தால் படை கலைந்துவிடும். சுல்தானுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி, வழக்கம் போல அவருக்குச் சாப்பாடு அனுப்பி, அவர் கையெழுத்து போல் கையெழுத்திட்ட ஆணைகளையும் வெளியிட்டு நிலைமையைச் சமாளித்தார். லூயி தோற்றுச் சிறைப்பட்டார். 1250 மே மாதம் படைத்தலைவர்கள் ஷஜர் அல்-துர்ரையே சுல்தானாக்கினார்கள். பாக்தாதின் கலீஃபா ஒப்புக்கொள்ளவில்லை. உங்களிடம் ஆண் இல்லையென்றால் சொல்லுங்கள், ஒருவனை அனுப்புகிறேன் என்று கடிதம் எழுதினார் என்பார்கள். எண்பது நாள் சொச்சம். அப்புறம் தளபதி அய்பக்கை மணந்து பட்டத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார்.

"அதோட விட்டுட்டாங்களா?"

"எங்கக்கா! 1257இல அய்பக்கைக் குளியலறையில கொன்னது இந்தம்மாதான்னு பழி. அதுக்காக இவங்களையே மரச்செருப்பால அடிச்சே கொன்னுட்டாங்களாம்."

அக்கா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டாள்.

அந்த எண்பது நாளுக்குள் தன் காசையும் வெளியிட்டிருக்கிறார். அதில் முஸ்லிம்களின் அரசி என்று பெண்பாலிலேயே பட்டம் இருக்கிறது. ஆனால் அதைச் சுற்றி மூன்று ஆண்கள். கலீஃபா முஸ்தஸிமைச் சேர்ந்தவர், சாலிஹைச் சேர்ந்தவர், கலீலின் தாய். கலீல், சிறு வயதிலேயே இறந்துபோன மகன். ஆணைகளிலும் கலீலின் தாய் என்றுதான் கையெழுத்து. தன் பெயர் அல்ல.

சாவிக்காரர் வந்து கதவைத் திறந்தார். உள்ளே சின்னக் கூடம், தலைக்கு மேல் குவிமாடம். தொழுகை மாடத்தைக் காட்டி, கைபேசி விளக்கைப் பிடிக்கச் சொன்னார். தங்க நிறப் பின்னணியில் கண்ணாடிச் சில்லுகளால் ஆன ஒரு செடி, கிளை கிளையாக. அதில் காய் காய்த்தது போலச் சிப்பி முத்துத் துண்டுகள்.

"ஷஜர்னா மரம். துர்னா முத்து" என்றேன்.

"பேரை எழுத விடலேன்னா வரைஞ்சுட்டாளா?" என்றாள் அக்கா. உடனே திருத்திக்கொண்டாள். "வரைஞ்சுட்டாங்களா?"

கைபேசியில் மூன்று சதவீதம்தான் மின்சாரம் மிச்சம். விளக்கு அணைவதற்குள் முத்துகளை எண்ணிவிடலாம் என்று அக்கா ஆரம்பித்தாள். பாதியில் அணைந்துவிட்டது. சாவிக்காரர் சட்டைப்பையிலிருந்து தன் கைபேசியை எடுத்துப் பிடித்தார். அக்கா மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.