சிட்டிசன்ஷிப் டெஸ்டுக்குப் படிக்கப் போய் 1639 வரைக்கும் போன கதை

எனக்கும் வீட்டுக்காரருக்கும் அமெரிக்க சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ முடிஞ்சிடுச்சு, ரெண்டு பேருமே பாஸ். அடுத்து அப்ளை பண்ணப் போற ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் எப்படிப் படிச்சீங்கன்னு கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு ஒரே தடவையா எழுதிடறேன். நீளமாத்தான் போகும், ஃபார்ம் விஷயம் மட்டும் போதும்னா அடுத்த பாராவோட நிறுத்திக்கலாம்.

ஃபார்ம் பேரு என்-400. கிரீன் கார்டு வாங்கி அஞ்சு வருஷம் ஆகணும், சிட்டிசனைக் கல்யாணம் பண்ணிச் சேர்ந்து இருந்தா மூணு வருஷம், அந்தத் தேதிக்கு 90 நாள் முன்னாடியே போட்டுடலாம். ஆன்லைன்ல நாங்க கட்டினது ஆளுக்கு 710 டாலர், பேப்பர்ல போட்டா 760. எந்தெந்தத் தேதி வெளிநாடு போனீங்க, எப்போ திரும்பி வந்தீங்கன்னு எல்லாத்தையும் கேப்பாங்க, பாஸ்போர்ட் ஸ்டாம்ப், பழைய டிக்கெட் மெயில் எல்லாம் தோண்டி முதல்லயே எழுதி வச்சுக்கோங்க, ஃபார்ம்லயே ரொம்ப இழுக்கற வேலை அதுதான். அப்புறம் கைரேகை, அப்புறம் இன்டர்வியூ லெட்டர், அவ்ளோதான்.

இன்டர்வியூல அமெரிக்க வரலாறு, அரசாங்கம் பத்திக் கேக்கற டெஸ்ட்தான் மாறியிருக்கு. 2025 அக்டோபர் 20லேர்ந்து அப்ளை பண்றவங்களுக்குப் புது டெஸ்ட். முன்னாடி 100 கேள்வி இருக்கும், அதுல 10 கேப்பாங்க, 6 சொன்னா போதும். இப்போ 128 கேள்வி, 20 வரைக்கும் கேப்பாங்க, 12 சரியா சொல்லணும், 12 வந்த உடனே நிறுத்திடுவாங்க, 9 தப்பாப் போனாலும் நிறுத்திடுவாங்க. இந்தக் கேள்விகளுக்கு எழுத்துப் பரீட்சை கிடையாது, ஆபீசர் எதிர்ல உக்காந்து வாயால கேப்பாரு, நாம வாயால சொல்லணும். ஆப்ஷன் எதுவும் குடுக்க மாட்டாங்க.

வீட்டுக்காரர் மனப்பாட பார்ட்டி. 128க்கும் கார்டு பிரிண்ட் எடுத்து டிரெயின்ல போறப்போ வர்றப்போ ஒப்பிச்சுட்டே இருந்தாரு. எனக்கு அது சுத்தமா செட் ஆகல, பதில் மட்டும் தனியாத் தொங்கிட்டு இருந்தா ரெண்டாவது நாளே பறந்துடும், ஏன் எதுக்குன்னு தெரிஞ்சாத்தான் நிக்கும். அப்படி நான் மாட்டிக்கிட்டது ஒரு கேள்வியில. அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்துக்கு முன்னாடியே இருந்து அது மேல தாக்கம் பண்ண ஆவணங்கள்ல ஒண்ணு சொல்லுன்னு ஒரு கேள்வி இருக்கு. டிக்ளரேஷன் ஆஃப் இன்டிபென்டன்ஸ் (சுதந்திரப் பிரகடனம்)னு சொல்லிட்டுப் போயிடலாம், அதுவும் சரியான விடைதான். ஆனா அந்த விடை லிஸ்ட்ல மேஃப்ளவர் காம்பாக்ட், ஃபண்டமென்டல் ஆர்டர்ஸ் ஆஃப் கனெக்டிகட், வர்ஜீனியா டிக்ளரேஷன் ஆஃப் ரைட்ஸ், இரோகுவா பழங்குடி மக்களோட கிரேட் லா ஆஃப் பீஸ்னு வரிசையா இருக்கு. நாங்க இருக்கறதே கனெக்டிகட்ல. எங்க கார் நம்பர் பிளேட்லயே 'கான்ஸ்டிடியூஷன் ஸ்டேட்'னு அடிச்சிருக்கு. எட்டாவது படிக்கற என் பொண்ணு "அந்த ஃபண்டமென்டல் ஆர்டர்ஸுக்காகத்தான்மா பிளேட்ல அப்படிப் போடுறாங்க"ன்னு சாதாரணமா சொல்லிட்டு ஃபோனைப் பாக்கப் போயிட்டா. சரி அது என்னதான்னு நான் எடுத்துப் படிக்க ஆரம்பிச்சதுதான், மத்த கேள்வி எல்லாம் அதோட சங்கிலி மாதிரி வந்து கோத்துக்கிச்சு.

1636ல தாமஸ் ஹூக்கர்னு ஒரு பாதிரியார் மாசசூசெட்ஸ்லேர்ந்து தன் சபை ஆளுங்களைக் கூட்டிட்டு இந்தப் பக்கம் வந்து ஹார்ட்ஃபோர்ட்ல குடியேறுறாரு. 1638ல ஒரு பிரசங்கத்துல, அதிகாரத்துக்கு அஸ்திவாரமே மக்களோட சுதந்திரமான சம்மதம்தான்னு பேசுறாரு. அடுத்த ஜனவரி, 1639, ஹார்ட்ஃபோர்ட், விண்ட்சர், வெதர்ஸ்ஃபீல்டுன்னு மூணு ஊரும் சேர்ந்து 11 பிரிவு இருக்கற ஒரு சட்டத்தை எழுதி ஏத்துக்கறாங்க, அதுதான் ஃபண்டமென்டல் ஆர்டர்ஸ். அதுல இங்கிலாந்து ராஜா பேரே வராது. கவர்னரைத் தேர்ந்தெடுக்கணும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல ஒருத்தரே கவர்னரா இருக்கக் கூடாது, கவர்னர் சபையைக் கூட்டாம இழுத்தடிச்சா மக்களே கூட்டிக்கலாம்னு எல்லாம் எழுதி வச்சிருக்காங்க. இதை ஜனநாயகம்னு கொண்டாடறதுக்கு முன்னாடி, ஓட்டு போட்டது யாருன்னும் பாக்கணும், பொம்பளைங்களுக்குக் கிடையாது, வேலைக்காரங்களுக்குக் கிடையாது, கவர்னர் ஆகணும்னா சர்ச் மெம்பரா இருக்கணும். இருந்தாலும் எப்படி ஆளணும்னு ஆளப்படறவங்களே உக்காந்து எழுதி வச்சாங்கங்கறது பெரிய விஷயம்தான்.

1639ங்கறது எனக்கு எப்படி மறக்கும், அதே வருஷம் ஆகஸ்ட்லதான் கிழக்கிந்தியக் கம்பெனி மெட்ராஸ் நிலத்தை வாங்குது. இது சும்மா வருஷப் பொருத்தம் மட்டும் இல்ல. வர்ஜீனியா, மாசசூசெட்ஸ் எல்லாம் ஆரம்பத்துல கம்பெனிங்கதான், ராஜா குடுத்த சாசனத்தை வச்சு நடந்த வியாபாரக் கம்பெனி. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு முதல் கவர்னரா இருந்த தாமஸ் ஸ்மைத்தான் பின்னாடி வர்ஜீனியா கம்பெனிக்கும் பொருளாளர். வித்தியாசம் எங்க வந்துச்சுன்னா, 1629ல சாசனம் வாங்கின மாசசூசெட்ஸ் பே கம்பெனி ஆளுங்க, லண்டன்ல ஆபீஸ் வச்சு நடத்தாம அந்தச் சாசனத்தையே கப்பல்ல தூக்கிட்டு 1630ல இங்க வந்துட்டாங்க. கம்பெனி பங்குதாரர் கூட்டம் இங்க சட்டசபையா மாறிடுச்சு, பங்குதாரர் எல்லாம் வோட்டரா மாறிட்டாங்க. இன்னிக்கும் மாசசூசெட்ஸ் சட்டசபை பேரு 'ஜெனரல் கோர்ட்', அது அந்தக் கம்பெனிக் கூட்டத்தோட பேரு. அங்க போனவங்க குடியேறினவங்க, அதனால கம்பெனியே அரசாங்கமா ஆகி அவங்க கையில இருந்துச்சு. நம்ம ஊர்லயும் கம்பெனி அரசாங்கமா ஆச்சு, நம்ம கையில இல்லாம நம்ம தலை மேல. இதைப் படிச்சப்போ எனக்குக் கொஞ்ச நேரம் வேற எதுவும் ஓடல.

மேஃப்ளவர்ங்கற கப்பலோட கதை இதுக்கும் முன்னாடி, 1620. வர்ஜீனியா எல்லைக்குள்ள குடியேறத்தான் பத்திரம் வாங்கியிருந்தாங்க, கப்பல் வந்து நின்னது வடக்க கேப் காட்ல, பத்திரம் செல்லாத இடம். கப்பல்ல இருந்த சில பேரு, அப்போ எங்களை யாரும் அதிகாரம் பண்ண முடியாதுன்னு கிளம்பிட்டாங்க, தரை இறங்கறதுக்குள்ள 41 ஆம்பளைங்க கையெழுத்து போட்டு நாமளே ஒரு அரசு அமைச்சுக்கறோம், அது போடற சட்டத்துக்குக் கட்டுப்படறோம்னு எழுதிக்கிட்டாங்க, அதுதான் மேஃப்ளவர் காம்பாக்ட். வர்ஜீனியாவுல அதுக்கும் ஒரு வருஷம் முன்னாடி, 1619 ஜூலைல, ஜேம்ஸ்டவுன்ல தேர்ந்தெடுத்த பிரதிநிதிங்க சபை முதல் முறையா கூடுது. அதே வருஷம் ஆகஸ்ட்ல, ஆப்பிரிக்காவுலேர்ந்து பிடிச்சுட்டு வந்தவங்களை அதே வர்ஜீனியாவுல கொண்டு வந்து இறக்கி வித்தாங்க. ரெண்டும் ஒரே வருஷம், ஒரே காலனி. அடிமையா விக்கப்பட்டவங்க யாருங்கற கேள்வியும் லிஸ்ட்ல உண்டு.

அதனால அரசியலமைப்பை எழுத 1787ல ஃபிலடெல்ஃபியாவுல கூடினப்போ திடீர்னு யாருக்கும் ஞானோதயம் வந்துடல, எழுதி வச்சு ஆள்றதுங்கறது அவங்களுக்கு 150 வருஷப் பழக்கம். நடுவுல ஒரு தடவை செஞ்சு சொதப்பியும் பாத்துட்டாங்க, அதுதான் ஆர்ட்டிகிள்ஸ் ஆஃப் கான்ஃபெடரேஷன்ங்கற முதல் அரசியலமைப்பு, 1781ல அமலுக்கு வந்துச்சு. அதுல காங்கிரஸுக்கு (இங்கத்த நாடாளுமன்றம்) வரி போடற அதிகாரமே கிடையாது, மாநிலங்ககிட்ட பணம் கேக்கலாம், அவ்ளோதான். நம்ம அபார்ட்மென்ட் அசோசியேஷன் மெயின்டெனன்ஸ் கேக்கும், கட்டாத வீட்டை ஒண்ணும் பண்ண முடியாது, அதே கதை. சட்டத்தைத் திருத்தணும்னா 13 மாநிலமும் ஒத்துக்கணும், இறக்குமதிக்கு 5 சதவீத வரி போடலாம்னு கொண்டு வந்ததை ரோட் ஐலண்ட் ஒண்ணே ஒண்ணு முடியாதுன்னு சொல்லிக் கவுத்துடுச்சு. 1786ல மாசசூசெட்ஸ் விவசாயிங்க கடன், வரி தாங்காம கலகத்துல இறங்கினப்போ மத்திய அரசு கையில படையும் இல்ல காசும் இல்ல. அப்புறம்தான் 55 பேர் கூடி உக்காந்தாங்க, கடைசியில கையெழுத்து போட்டது 39 பேர், ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பல.

அந்தக் கூட்டத்துல பெரிய மாநிலம் சின்ன மாநிலம் சண்டை வந்து உடையற நிலைமைக்குப் போனப்போ, ஒரு சபையில மக்கள்தொகைப்படி, இன்னொண்ணுல எல்லா மாநிலத்துக்கும் சமம்னு பேசி முடிச்சதுல (இதைத்தான் கனெக்டிகட் காம்ப்ரமைஸ்னு சொல்றாங்க) கனெக்டிகட்காரங்களுக்குப் பெரிய பங்கு, முக்கியமா ரோஜர் ஷெர்மன். இவர் சுதந்திரப் பிரகடனம், ஆர்ட்டிகிள்ஸ், அரசியலமைப்பு மூணுலயும் கையெழுத்து போட்டவர். ஜெஃபர்சன், மேடிசன்னு பேசறவங்க இவரைக் கண்டுக்கறதே இல்ல, எனக்கு அதுல கொஞ்சம் வருத்தம் (இங்க பத்து வருஷம் இருந்தா ஊர்ப்பாசம் வந்துடுது போல).

எனக்கு ரொம்ப உதவின ஒரு வழி சொல்றேன். டிக்ளரேஷனோட ரெண்டாவது பாரா வரைக்கும்தான் எல்லாரும் படிப்பாங்க, அதுக்குக் கீழ ராஜா மேல ஒரு நீளமான புகார் பட்டியல் இருக்கு. அதை ஒரு பக்கமும் அரசியலமைப்பை இன்னொரு பக்கமும் வச்சுப் படிங்க. நீதிபதியோட பதவியும் சம்பளமும் ராஜா இஷ்டத்துல இருக்குன்னு புகார், இங்க நீதிபதி ஒழுங்கா இருக்கற வரைக்கும் பதவி, சம்பளத்தைக் குறைக்கக் கூடாது. எங்க சபையை அடிக்கடி கலைக்கறாருன்னு புகார், இங்க ஜனாதிபதிக்குக் காங்கிரஸைக் கலைக்கற அதிகாரமே இல்ல. சிப்பாய்களைத் தங்க வைக்கச் சொல்லி எங்க மேல சுமத்தறாருன்னு புகார், அரசியலமைப்போட மூணாவது திருத்தம் அதுக்குன்னே இருக்கு. அதுலயே ஒரு புகார், வெளிநாட்டுக்காரங்களைக் குடிமக்களாக்கற சட்டங்களை ராஜா தடுக்கறாருன்னு! நான் எந்த ஃபார்முக்கு 710 டாலர் கட்டினேனோ அந்த விஷயம் 1776லயே சண்டைக்கான காரணப் பட்டியல்ல இருக்கு. பின்னாடி குடியுரிமைக்கு நாடு முழுக்க ஒரே விதி போடற அதிகாரத்தை அரசியலமைப்புல காங்கிரஸுக்குக் குடுத்தாங்க. குடுத்த உடனே 1790ல அவங்க போட்ட முதல் குடியுரிமைச் சட்டம், சுதந்திரமான வெள்ளைக்காரங்க மட்டும் அப்ளை பண்ணலாம்னு. 1923ல பகத் சிங் திந்த்ங்கற ஒரு இந்தியரோட கேஸ்ல சுப்ரீம் கோர்ட், இந்தியர் இதுல வர மாட்டாங்கன்னு சொல்லிடுச்சு. 1946லதான் நமக்குக் கதவு திறந்துச்சு. இதெல்லாம் டெஸ்ட்ல வராது, ஆனா தெரிஞ்சுட்டுப் போய் அந்த நாற்காலியில உக்காரலாம்.

இரோகுவா விஷயத்துல மட்டும் ஜாக்கிரதையா படிங்க. அவங்க கூட்டமைப்பு காலனிக்காரங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒண்ணு, பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அதைப் பத்தி எழுதியிருக்காரு, ஆனா அரசியலமைப்பு மேல எவ்ளோ தாக்கம்ங்கறதுல வரலாற்று ஆய்வாளர்களுக்குள்ள சண்டை இன்னும் ஓயல. டெஸ்டுக்கு அது சரியான விடை, சொல்லலாம். அதே டிக்ளரேஷன் புகார் பட்டியலோட கடைசியில பழங்குடி மக்களை இரக்கமில்லாத காட்டுமிராண்டிங்கன்னு எழுதியிருக்குங்கறதையும் சேர்த்தே படிச்சுக்கோங்க.

இன்டர்வியூ அன்னிக்கு என் ஆபீசர் அமைதியான ஆளு. வலது கையைத் தூக்கி உண்மை சொல்றேன்னு சத்தியம், ஃபார்ம்ல இருக்கறதை ஒவ்வொண்ணா திரும்பக் கேட்டாரு, கட்சி, கைது, வரி பாக்கி எல்லாம். இங்கிலீஷ்ல ஒரு வரி படிக்கச் சொன்னாரு, ஒரு வரி எழுதச் சொன்னாரு. அப்புறம் கேள்வி. நான் அவ்ளோ ஆசையா வச்சிருந்த அந்த ஆவணக் கேள்வி வரவே இல்ல. 13 மாநிலத்துல அஞ்சு சொல்லு, டிக்ளரேஷன் எப்போ ஏத்துக்கிட்டாங்க, ஜனாதிபதி பதவிக்காலம் எத்தனை வருஷம், இப்படித்தான் போச்சு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஏன் ரெண்டு செனட்டர்னு கேட்டாரு, கனெக்டிகட் காம்ப்ரமைஸ்னு சொன்னேன், டிக் பண்ணிட்டு அடுத்ததுக்குப் போயிட்டாரு. பக்கத்து ரூம்ல கார்டு மனப்பாடம் பண்ண வீட்டுக்காரர் எனக்கு முன்னாடியே வெளில வந்து காபி குடிச்சுட்டு இருந்தாரு, ஒரு கேள்வி கூடத் தப்பு இல்லையாம்.

படிக்கறப்போ ஒண்ணு கவனிங்க, ஸ்பீக்கர் யாரு, உங்க மாநில கவர்னர் யாரு, செனட்டர் யாருங்கற பதில் எல்லாம் மாறிட்டே இருக்கும், பழைய கார்டை நம்பாதீங்க, இன்டர்வியூவுக்கு முந்தின நாள் ஒரு தடவை செக் பண்ணிடுங்க. ஓத் (குடியுரிமை உறுதிமொழி) எடுக்கற அன்னிக்கு கிரீன் கார்டைத் திருப்பி வாங்கிப்பாங்க, சர்டிஃபிகேட்ல பேரு ஸ்பெல்லிங்கை அங்கயே பாத்துடுங்க. இந்தியா ரெட்டைக் குடியுரிமை குடுக்காது, அதனால இந்திய பாஸ்போர்ட்டை சரண்டர் பண்ணி அந்த சர்டிஃபிகேட் வாங்கிட்டு ஓசிஐ (வெளிநாட்டுக் குடிமகனாயிட்ட இந்திய வம்சாவளிக்கு இந்தியா குடுக்கற கார்டு) போடணும், எங்களுக்கு இப்போ அந்த வேலைதான் ஓடிட்டு இருக்கு. வீட்ல பெரியவங்க 65 வயசு ஆகி, கிரீன் கார்டோட 20 வருஷம் இருந்திருந்தா அவங்களுக்கு 20 கேள்வி மட்டும் படிச்சா போதும், 10 கேப்பாங்க, 6 சொல்லணும், இன்டர்ப்ரெட்டர் வச்சுத் தமிழ்லயே பதில் சொல்லலாம்.