கூடம் கோணல்தான்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழியை, அன்று தொலைபேசியை வைத்தபின் நான் மனத்துக்குள் சொல்லிக்கொண்டது உண்மை. அந்தப் பெரியவரிடம் அதைச் சொல்லவில்லை. ஆனால் அவரிடம் மரியாதையான வார்த்தைகளில் சொன்னதற்கும் அதுதான் பொருள். புல்தரை ஆட்டமான குரோக்கேயில் பந்தை அடிக்கும், நீண்ட தண்டுள்ள சுத்தியல் போன்ற மேலட்டை அவருக்கு நான்தான் செய்து கொடுத்திருந்தேன். அந்தப் புதிய மேலட் கைக்கு வந்த இரண்டாவது வாரத்தில் அழைத்து, நீள அடிகளில் பந்து எப்போதும் வலப்பக்கமே விலகுகிறது என்றார். "மேலட் தலையைத் திருப்பி, அடுத்த முகத்தாலும் இருபது அடி அடிச்சுப் பாருங்க சார். ரெண்டும் ஒரே மாதிரி போனா கோளாறு மேலட்ல இல்ல" என்றேன். மறுநாள் அவரே அழைத்து, இரண்டு முகத்திலும் ஒரே மாதிரிதான் விலகுகிறது என்று ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்பவரைப் போலச் சொன்னார். அப்படியானால் தோள் திரும்புகிறது, நிற்கும் நிலையைக் கவனியுங்கள் என்று பேச்சை முடித்துவிட்டேன்.

நான்கு ஆண்டுகள் கழித்து அதே மேலட் பிடி மாற்றுவதற்காக என்னிடம் வந்தது. பிடியின் உட்பகுதி நீள்வட்டமாக இருப்பதால், அதன் நீண்ட அச்சு தலையின் நீளத்தோடு பொருந்த வேண்டும். அதற்காகத் தலையின் ஒரு முகத்தைச் சட்டத்தின் தடுப்பில் ஒட்டி வைத்துத்தான் எப்போதும் பிடியைக் கட்டுவேன். முகத்தை ஒட்டி வைத்ததும், தலையின் மேல் நான் கீறியிருந்த குறிக்கோடு சட்டத்தின் நடுக்கோட்டை விட்டு மெல்ல ஒதுங்கிப் போனது. மூலைமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். 60 மி.மீ. அகலமுள்ள முகத்தில் ஒரு விளிம்பில் அரை மில்லிமீட்டர் வெளிச்சம் தெரிந்தது. மறுமுகத்திலும் அதே அளவு, எதிர் விளிம்பில்.

அதாவது நான் செய்து கொடுத்த தலை செவ்வகமாக இல்லை, இணைகரமாக இருந்தது. மரத்தின் ஒரு முனையை அறுத்துவிட்டு, அதை அப்படியே அரைச்சுற்றுத் திருப்பி மறுமுனையை அறுத்தபோது, ரம்பத்தின் கோணத் தடுப்பில் இருந்த அரை டிகிரிப் பிழை இரண்டு முனைகளிலும் ஒன்றுபோல விழுந்திருக்கிறது. மரத்தைக் குப்புறப் புரட்டி அறுத்திருந்தால் சரிவகம் வந்திருக்கும். அது முகத்துக்கு முகம் வேறுபடும், அன்றே மாட்டிக்கொண்டிருக்கும். இணைகரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது அதேதான். இரண்டு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும், எந்த முகத்தால் அடித்தாலும் ஒரே விதமாக அடிபட வேண்டும் என்று விதி கேட்கிறது. என் மேலட் அந்த இரண்டையும் குறைவில்லாமல் நிறைவேற்றியது. தொலைபேசியில் நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்த சோதனை, இந்த ஒரு பிழையை மட்டும் காட்டவே முடியாத சோதனை.

அரை டிகிரி சிறிதாகத் தோன்றலாம். எதிர்ப் பந்தின் நடுவைக் குறிவைக்கும்போது, நம் பந்தின் பாதை ஒரு பந்தின் விட்டமாகிய 92 மி.மீ. வரை விலகினாலும் ரோக்கே, அதாவது நம் பந்து அந்தப் பந்தைத் தொடுவது, கிடைத்துவிடும். முகம் பார்க்கும் திசையிலேயே பந்து போவதாகக் கொண்டால், 12 மீட்டர் தூரத்தில் அரை டிகிரி அதை 10 செ.மீ.க்கு மேல் ஒதுக்கிவிடும். குறி சரியாக இருந்தும், வீச்சு சரியாக இருந்தும், தொடாமல் போகும்.

ஆனால் அவர் தொட்டுக்கொண்டிருந்தார் என்பதுதான் சிக்கல். அந்த நான்கு ஆண்டுகளில் அவர் ஆட்டம் நன்றாகவே முன்னேறியிருந்தது. என் பேச்சை நம்பி இடது பாதத்தைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, தோளைக் கொஞ்சம் இடப்புறம் திருப்பி நின்று பழகியிருக்கிறார். இதில் என் வேலையின் நல்ல பகுதியும் அவருக்கு உதவியிருக்க வேண்டும். தலையின் இரு முனைகளிலும் பித்தளை எடை வைத்திருந்தேன். ஒரே எடையைத் தண்டிலிருந்து இரு மடங்கு தூரத்துக்குத் தள்ளினால் தலை முறுகுவதற்கான எதிர்ப்பு அந்த எடையைப் பொறுத்தவரை நான்கு மடங்காகும். நடுவில் படாத அடியிலும் தலை அதிகம் திரும்பாது. ஆகவே கோணல் ஒவ்வொரு அடியிலும் சொல்லிவைத்தாற்போல அதே கோணலாக இருந்தது. மாறாத பிழைக்கு உடம்பு பழகிக்கொள்ளும்.

அவர் பிடியை மட்டும்தான் மாற்றச் சொன்னார். ஒன்றும் சொல்லாமல் பிடியைக் கட்டிக் கொடுத்திருக்கலாம். சொல்லாமலே முகத்தைச் சரிசெய்திருக்கவும் முடியும். அது மோசடி என்று அப்போது தோன்றியது, இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது. அவரை அழைத்து, மூலைமட்டத்தை அவர் கையிலேயே கொடுத்து, அந்த வெளிச்சத்தைக் காட்டினேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"அப்போ என் தோள் இல்லையா தம்பி?"

இந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலைத்தான் இன்றுவரை திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "தோளும் கொஞ்சம் இருக்கலாம் சார்" என்றேன். அது பொய் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அந்த நாளில் அவர் தோள் உண்மையிலேயே திரும்பித்தான் இருந்தது. அதைத் திருப்பியவன் நான் என்பதை மட்டும் அந்த வாக்கியம் சொல்லவில்லை. கோணலைக் காட்டும் துணிவு எனக்கு இருந்தது. முதல் தொலைபேசிப் பேச்சை எடுத்து நடுவில் வைக்கும் துணிவு இல்லை. அவருக்கு அது நினைவில் இருந்ததா என்று தெரியாது. நினைவில் இல்லாதவர் அப்படிக் கேட்டிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

சரிசெய்ய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. முகத்தில் ஒட்டியிருந்த டஃப்னால் என்ற கடினமான பிசின் தகட்டை உரசிச் சமன்படுத்தினேன். மொத்த எடையில் சில கிராம்கள்தான் குறைந்திருக்கும். காசு வாங்கவில்லை. மூன்று வாரம் கழித்து வந்தார். இப்போது எல்லாம் இடப்பக்கம் போகிறது, காலை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை, குறிக்கோட்டைப் பார்த்தாலே சந்தேகம் வருகிறது என்றார். பழையபடி ஆக்கித் தர முடியுமா என்று கேட்டார்.

முடியும். தகட்டை எதிர்க்கோணத்தில் உரசினால் போதும், விதியிலும் இடிக்காது. நான் மறுத்துவிட்டேன். தெரிந்தே கோணலாக ஒன்றைச் செய்து என் முத்திரையோடு வெளியே அனுப்ப மாட்டேன் என்றேன். கொஞ்ச நாளில் பழகிவிடும், நாளை வேறு மேலட்டை எடுத்தாலும் நேராக அடிக்கலாம் என்றும் சொன்னேன். எழுபதைத் தாண்டியவர் வேறு மேலட்டை எதற்கு எடுக்கப்போகிறார் என்பது அவர் போன பிறகுதான் உறைத்தது. முதல் தடவை தெரியாமல் கோணலைக் கொடுத்து, உடம்பை அதற்கு ஏற்ப வளைக்கச் சொன்னேன். இரண்டாம் தடவை தெரிந்தே நேரைக் கொடுத்து, மறுபடியும் உடம்பைத்தான் மாற்றச் சொன்னேன். இரண்டு தடவையும் மாறாமல் இருந்தது நான் ஒருவன்தான். ஆனாலும் இன்று வந்து கேட்டால் செய்து கொடுப்பேனா என்றால், உரசும் கை எனக்கு எழாது என்றே தோன்றுகிறது. தொழில் செய்பவனுக்கு அந்த அளவுக்காவது ஒரு பிடிவாதம் இருக்கலாம் என்று சில நாள் நினைக்கிறேன். அது அவர் மேலட், என்னுடையது இல்லை என்று மற்ற நாள்களில் நினைக்கிறேன்.

இப்போது ஒவ்வொரு தலையையும் அறுத்தவுடன், எடை வைக்கும் முன், தகடு ஒட்டிய பின் என்று மூன்று முறை மூலைமட்டத்தில் பார்க்கிறேன். அந்தக் கோணத் தடுப்பு எத்தனை நாள் பிசகியிருந்தது, அதில் எத்தனை தலைகள் அறுபட்டன என்பதற்கு என்னிடம் கணக்கில்லை.

சென்ற மாதம், அதே காலத்தில் செய்த இன்னொரு மேலட் பிடி மாற்ற வந்தது. கொண்டுவந்த அம்மாவிடம் பந்து எப்படிப் போகிறது என்று கேட்டேன். "கையோட கையா ஒட்டிக்கிச்சு, குறையே இல்ல" என்றார். தலையின் முகத்தைத் தடுப்பில் ஒட்டாமல், பக்கவாட்டில் சாய்த்து வைத்துப் பிடியைக் கட்டினேன்.