காலியாகக் கிடந்த எரர் டேபிள்

பராமரிப்புக்கு வரும் பழைய ஸ்டோர்டு ப்ரொசீஜரில் (டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்து வைத்த நிரலில்) நான் முதலில் பார்ப்பது, எரர் வந்தால் ஓடும் கேட்ச் பிளாக்கைத்தான். எழுதியவர் யோசித்து எழுதினாரா, வெள்ளிக்கிழமை சாயங்கால அவசரத்தில் எழுதினாரா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஒரு வாடிக்கையாளரின் பில்லிங் ஜாப் எங்கள் டீமுக்கு வந்தது. எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸில் ராத்திரியில் ஓடும். ஒப்படைத்தவர்கள், "இதில் பிரச்சினையே கிடையாது, எரர் டேபிளைப் பாருங்கள், ஒரு ரோ கூட இல்லை" என்று பெருமையாகச் சொன்னார்கள். கணக்குப் பிரிவினரோ மாதாமாதம் சில பில்கள் வருவதே இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார்கள்.

கேட்ச் பிளாக்கில் இரண்டே வேலை: எரர் டேபிளில் ஒரு இன்சர்ட் (ரோ சேர்ப்பது), அடுத்து ரோல்பேக் (அதுவரை செய்த மாற்றங்களை ரத்து செய்வது). இன்சர்ட்டும் அதே ட்ரான்ஸாக்ஷனுக்குள் (ஒன்றாக நிலைக்கும் அல்லது ஒன்றாக ரத்தாகும் மாற்றங்களின் தொகுப்புக்குள்) இருப்பதால், ரோல்பேக் பில்லோடு சேர்த்து எரர் பதிவையும் துடைத்துவிடுகிறது. அதன்பின் எரரைக் கூப்பிட்டவருக்குத் திருப்பி அனுப்பும் த்ரோவும் இல்லை. ஆகவே ஜாப்பும் தினமும் பச்சை டிக்கோடு முடியும்.

வரிசையை மாற்றினோம். முதலில் ரோல்பேக், அப்புறம் இன்சர்ட், கடைசியில் த்ரோ. எரர் மெசேஜும் லைன் நம்பரும் கேட்ச் பிளாக் முடியும்வரை கிடைக்கும் என்பதால் ரோல்பேக்கால் அவை போய்விடாது. எந்த வாடிக்கையாளரின் பில் என்பது போன்ற விவரங்களை டேபிள் வேரியபிளில் (டேபிள் வடிவில் இருக்கும் மாறியில்) வைத்துக்கொண்டோம். ரோல்பேக் அதைத் தொடாது. டெம்ப் டேபிளில் வைத்தால் அதுவும் போய்விடும்.

த்ரோவில் ஒரு வேடிக்கை உண்டு. ரோல்பேக் ட்ரான்ஸாக்ஷன் என்று எழுதி, செமிகோலன் போடாமல் அடுத்த வரியில் த்ரோ எழுதினால், த்ரோ என்பதை சேவ்பாயின்ட்டின் (ட்ரான்ஸாக்ஷனின் நடுவே குறித்துவைக்கும் இடத்தின்) பெயராக எடுத்துக்கொண்டு அப்படியொரு பெயரே இல்லை என்று சர்வர் 6401 எரர் கொடுக்கும். உண்மையான எரர் இதற்குப் பின்னால் மறைந்துவிடும்.

டீமில் ஜூனியர் ஒருவர் கேட்டார்: "அண்ணா, த்ரோ போட்டா ஜாப் ஃபெயில் ஆகுமே, க்ளையன்ட் பார்த்துடுவாரே?" பார்க்கட்டும் என்றேன்.

பார்த்தார். லைவ் போனதும் ஜாப் சிவப்பில் நின்றது. எரர் 8152: எழுத்துகள் அதிகம், வெட்டப்படும். டேபிளில் எந்த காலம் (column) என்று அந்த மெசேஜ் சொல்லாது. டேபிளையும் வந்த டேட்டாவையும் பக்கத்தில் வைத்து நீளத்தை ஒவ்வொன்றாக ஒப்பிட்டதில், முகவரி காலம் என்று பிடிபட்டது. நீளமான முகவரி வைத்திருந்த பாவத்துக்குத்தான் அவர்களுக்கு பில் போகவில்லை. 2019 பதிப்பிலிருந்து வரும் 2628 மெசேஜ் டேபிள், காலம், இடிக்கும் மதிப்பு மூன்றையும் சொல்லிவிடுகிறது. எவ்வளவு தாமதமான கருணை!

கேட்ச் பிளாக்குக்கு எட்டவே எட்டாத ஒன்று டைம்அவுட். டாட்நெட் அப்ளிகேஷனிலிருந்து கூப்பிட்டால், நாம் மாற்றாதவரை காத்திருப்பு 30 விநாடி. அது தாண்டினால் அப்ளிகேஷனே நிறுத்தச் சொல்லிவிடும். கேட்ச் ஓடாது, ரோல்பேக்கும் நடக்காது. ட்ரான்ஸாக்ஷன் திறந்தபடி கிடக்க, அது பிடித்த லாக்குக்காக (டேட்டா மேல் போட்ட பூட்டுக்காக) பின்னால் வருகிறவர்களும் காத்திருந்து டைம்அவுட் ஆவார்கள். எக்ஸாக்ட் அபார்ட் (XACT_ABORT) என்ற செட்டிங் ஆனில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை, சர்வரே ரோல்பேக் செய்துவிடும். அது ஆனில் இருக்கும்போது ட்ரை பிளாக்கில் (கேட்சுக்கு முன்னால், வேலை நடக்கும் பகுதியில்) எரர் வந்தாலும் ட்ரான்ஸாக்ஷன் கெட்டுப்போனதாகிவிடும்; ரோல்பேக்குக்கு முன் அதில் எதையாவது எழுதப் பார்த்தால் 3930 என்று சத்தம் போடும். அது அன்றைக்கே ஆனில் இருந்திருந்தால், இன்சர்ட்டை முதலில் வைத்த அந்தப் பழைய வரிசை அப்போதே மாட்டியிருக்கும்.

இப்போது ரிவ்யூவுக்கு வரும் ப்ரொசீஜர்களில் நோகவுன்ட் ஆனுக்கு (எத்தனை ரோ மாறியது என்ற செய்தியை நிறுத்தும் வரிக்கு) கீழேயே எக்ஸாக்ட் அபார்ட் ஆன் என்ற வரியையும் எதிர்பார்க்கிறேன். வேண்டாம் என்பவர்கள் காரணத்தைக் கமென்ட்டில் எழுதட்டும்.